ஷவருக்கு எந்த பம்ப்?

ஷவரில் தண்ணீர் சரியாக வரவில்லை, பம்ப் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அதே குளியலறையில் வாளிக்கு மேலே இருக்கும் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது? அங்கே கொட்டுகிறது, ஷவரில் மட்டும் நூல் நூலாக இறங்குகிறது என்றால் கடைக்குப் போகும் முன் ஷவரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். வெறும் பைப்பில் தண்ணீர் நன்றாக வந்தால் அடைப்பு ஷவரில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் அந்தச் சின்னத் துளைகள் வெள்ளையாகப் படிந்து மூடிக்கொள்ளும். சில மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் துளைகள் திறந்துவிடும். பம்ப்பே வேண்டியிருக்காது.

அடுத்து வாளிக் கணக்கு. 10 லிட்டர் வாளியை ஷவருக்குக் கீழே வைத்து, முழுக்கத் திறந்து, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். சாதாரண ஷவருக்கு அது தாராளம். 2 நிமிடம் ஆனால் 5 லிட்டர். குளிக்கலாம், ஆனால் தலைமுடியில் நுரை போக நேரமாகும். 10 லிட்டர் வந்தும் மழைத்தூறல் மாதிரி இருந்தால், தட்டு போல அகலமான ஷவர் வைத்திருப்பீர்கள். இருக்கிற தண்ணீர் நூறு துளைகளுக்குப் பிரிந்துபோகிறது. சின்ன ஷவராக மாற்றினால் அதே தண்ணீர் வேகமாக வரும். இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பம்ப் வாங்கும்போது வேண்டும்.

அழுத்தம் குறைவா, பாதை குறுகலா?

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு உயரம் மட்டும்தான் அழுத்தம். அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளப்பார்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். தொட்டியில் தண்ணீர் மட்டம் ஷவரிலிருந்து 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.2 பார்தான். தொட்டி எத்தனை ஆயிரம் லிட்டர் என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. அதே தொட்டியிலிருந்து ஒரு தளம் கீழே போனால் இன்னும் 3 மீட்டர் சேர்ந்து 0.5 பார் ஆகிவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் குளியலறையில்தான் எப்போதும் குறை கேட்பதற்குக் காரணம் இதுதான். நிறைவான குளியலுக்கு 1 பார் இருந்தால் நல்லது. அகலமான மழை ஷவர், உடம்பில் பக்கவாட்டில் அடிக்கும் ஜெட் வகைகளுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று அவற்றின் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்.

ஆனால் உயரம் போதுமான அளவு இருந்தும் தண்ணீர் வராத வீடுகள் உண்டு. கீழ்த்தளத்துக் குளியலறையிலும் மந்தமாக வருகிறதா? அப்படியானால் சந்தேகம் பைப் மேல் வர வேண்டும். பழைய இரும்பு பைப்புகள் உள்ளே துருவும் உப்பும் சேர்ந்து பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். பாதி திறந்த கேட் வால்வு, குளியலறைக்குள் இருக்கும் ஆங்கிள் வால்வு, அடைத்துக்கொண்ட வடிகட்டி, பைப் மேலே ஏறி இறங்கும் இடத்தில் சிக்கிய காற்று என்று ஒவ்வொன்றும் ஓட்டத்தைத் தின்னும். பிளம்பரிடம் பிரஷர் கேஜ் இருந்தால் இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள்: எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது ஒன்று, ஷவர் ஓடும்போது ஒன்று. மூடியிருக்கையில் 0.5 காட்டி, திறந்ததும் 0.1க்கு விழுந்தால் அழுத்தம் இருக்கிறது, பாதைதான் விடவில்லை. அடைத்த பைப்பில் பம்ப் போட்டால் சத்தமும் மின்செலவும் கூடும், தண்ணீர் கொஞ்சம்தான் கூடும். ஒரே பைப்பில் ஓட்டத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும் என்பதால் இப்படி.

பம்ப் இல்லாமல் முடிகிற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியிலிருந்து குளியலறைக்கு மட்டும் 1 இன்ச் அளவில் தனி இறக்க பைப் எடுத்தால், நீளமான அரை இன்ச் பைப்பில் வீணாகிக்கொண்டிருந்த அழுத்தம் திரும்பக் கிடைக்கும். மின்சாரம் வேண்டாம், பராமரிப்பும் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த தீர்வு. தொட்டியை 2 மீட்டர் உயர்த்தினால் 0.2 பார் கூடும். மேல்தளத்தில் அது இருப்பதை இரட்டிப்பாக்கும். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர் 1 டன் எடை. பொறியாளர் பார்க்காமல் அதை உயரத்தில் ஏற்ற வேண்டாம்.

நான்கு வகை பம்ப்புகள்

இத்தனைக்குப் பிறகும் பம்ப்தான் வேண்டும் என்றால், கடைகளில் கிடைப்பதை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, பைப் வழியிலேயே இணைக்கும் சின்ன பூஸ்டர் பம்ப். பெரும்பாலும் 90 முதல் 250 வாட். உள்ளே ஃப்ளோ சுவிட்ச் இருக்கும். தண்ணீர் நகர ஆரம்பித்ததும் ஓடும், குழாயை மூடினால் நிற்கும். ஏறக்குறைய 1 பார் கூட்டித் தரும். இந்த வகையில் பலவற்றில் சுழலும் பாகம் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் சத்தம் மிகவும் குறைவு, படுக்கையறைக்குப் பக்கத்துக் குளியலறைக்கும் தாங்கும். அரை மணி நேரம் ஓடினால் 120 வாட் பம்ப்புக்கு 0.06 யூனிட்தான் செலவு. மாடித் தொட்டி, ஒரு குளியலறை, மேல்தளம் என்ற வழக்கமான வீட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். பம்ப் இல்லாமலே நிமிடத்துக்கு 1 அல்லது 2 லிட்டராவது வந்தால்தான் ஃப்ளோ சுவிட்ச் விழித்துக்கொள்ளும். தொட்டியும் ஷவரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்தால் தண்ணீர் நகராது, பம்ப்பும் கிளம்பாது. அப்புறம், மூழ்கிய வகை பம்ப்பின் அச்சு கிடைமட்டமாக இருக்கும்படிதான் பொருத்த வேண்டும். இடம் இல்லை என்று செங்குத்தாக நிறுத்திவிட்டால் உள்ளே காற்று தங்கி, அச்சைத் தாங்கும் புஷ்கள் வறண்டு தேயும், அவற்றுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். பெட்டியில் படமே போட்டிருக்கும். பொருத்த வருபவரிடம் அதைக் காட்டுங்கள்.

இரண்டாவது, பிரஷர் டேங்க்குடன் வரும் பம்ப். பொதுவாக அரை ஹெச்பி அல்லது அதற்கு மேல், கூடவே 20 லிட்டர் அளவில் ஓர் இரும்பு உருளை. உருளைக்குள் ரப்பர் பை, பைக்குள் தண்ணீர், வெளியே அழுத்திய காற்று. அழுத்தம் 1.4 பாருக்குக் குறைந்தால் பம்ப் கிளம்பி, 2.8 பார் வந்ததும் நிற்கும் என்பது பல பிரஷர் சுவிட்சுகளில் இருக்கும் அமைப்பு. 24 லிட்டர் டேங்க் என்றால் 24 லிட்டரும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த அமைப்பில் பம்ப் ஓடாமல் கிடைப்பது 8 லிட்டர் அளவுதான். ஆனால் அந்த 8 லிட்டர் பெரிய உபகாரம். கை கழுவ ஒரு நொடி குழாயைத் திறந்தால் பம்ப் எழுந்திருக்காது. ஃப்ளஷ் டேங்க் கடைசியில் சொட்டுச் சொட்டாக நிரம்பும்போது பம்ப் விட்டுவிட்டுத் துடிக்காது. வீடு முழுவதற்கும், இரண்டு மூன்று குளியலறைகளுக்கும், முரட்டுத்தனமாக உழைக்கக் கூடிய எளிய இயந்திரம் வேண்டும் என்றால் இதை எடுக்கலாம். சுவிட்ச் கெட்டால் சுவிட்சை மட்டும் மாற்றலாம், பை கிழிந்தால் பையை மட்டும் மாற்றலாம்.

குறையும் உண்டு. குளித்துக்கொண்டிருக்கும்போதே 1.4க்கும் 2.8க்கும் நடுவே அழுத்தம் ஏறி இறங்குவது உடம்பில் தெரியும். காற்று மெல்ல மெல்லக் கசிந்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது, பம்ப்பை நிறுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, டயருக்குக் காற்று பார்ப்பது போலவே பார்க்க வேண்டும். பம்ப் கிளம்பும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாகக் காற்று இருப்பது சரி. இதை மறந்துவிட்ட வீடுகளில்தான் பம்ப் நிமிடத்துக்குப் பத்து தடவை கிளம்பி நின்று மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப்போகிறது.

மூன்றாவது, டேங்க்குக்குப் பதிலாக மின்னணு கன்ட்ரோலர் பொருத்திய பம்ப். இடம் கொஞ்சம் போதும். தண்ணீர் ஓடும்வரை பம்ப்பும் ஓடும் என்பதால் ஒரே குழாய் திறந்திருக்கையில் அழுத்தம் ஏறி இறங்காது. தொட்டி காலியானால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு பெரும்பாலும் இதிலேயே இருக்கும். எனக்கு இது முக்கியமான வசதி. ஆனால் சேமிப்பு இல்லாததால், எங்காவது ஒரு சொட்டுக் கசிவு இருந்தாலும் இரவெல்லாம் கிளம்பி நிற்கும். தரைத்தள சம்ப்பிலிருந்து நேராகக் குழாய்களுக்கு ஏற்றும் வீடுகளில் இன்னொரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். பல கன்ட்ரோலர்கள் 1.5 பாருக்குக் கீழே வந்தால்தான் கிளம்பும். மிக உயரமான குழாய் பம்ப்பிலிருந்து 15 மீட்டருக்கு மேலே இருந்தால், நிற்கிற தண்ணீரின் எடையே 1.5 பார் காட்டிக்கொண்டிருக்கும். மேலே குழாயைத் திறந்தாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. கிளம்பும் அழுத்தத்தை மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நான்காவது, வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் பம்ப். மின்வெட்டுக்கு வைக்கும் பேட்டரி இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அழுத்தத்தை அளந்துகொண்டே, ஒரு குழாய் திறந்தால் மெதுவாகவும் நான்கு திறந்தால் வேகமாகவும் சுற்றும். 2 பார் என்று வைத்தால் 2 பாரிலேயே நிற்கும். நீங்கள் குளிக்கும்போது அடுக்களையில் யாராவது குழாயைத் திறந்தாலும் உங்கள் ஷவர் சட்டென்று சுடாது. குளியலின் சுகம் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. மின்சாரமும் மிச்சம், சுழற்சி பாதியானால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது இந்த வகை பம்ப்புகளின் இயல்பு. விலை நான்கிலும் அதிகம். மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும் இடங்களிலும் இடி மின்னல் அதிகமுள்ள இடங்களிலும் உள்ளே இருக்கும் போர்டுதான் முதலில் போகும். போர்டு போனால் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் தண்ணீர் திறக்கும் வீட்டுக்கு மதிப்பு உண்டு. ஒற்றைக் குளியலறைக்கு இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த நான்கில் எதையும் தெருவிலிருந்து வரும் பொதுக் குழாயில் நேரடியாக இணைக்க வேண்டாம். பல ஊர்களில் அது தடைசெய்யப்பட்டதும்கூட. பம்ப் உறிஞ்சும்போது அந்த பைப்பில் வெற்றிடம் உண்டாகி, மண்ணுக்குள் எங்கே விரிசல் இருந்தாலும் அது வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படலாம். குடிப்பது நீங்கள் மட்டும் அல்ல, அந்தத் தெருவே. நடுவில் ஒரு தொட்டி வைத்து அதிலிருந்து எடுங்கள்.

கீசரைக் கேட்டுத்தான் முடிவு

பம்ப் வாங்கும் பேச்சில் எல்லோரும் மறப்பது கீசரை. என் அக்கா வீட்டில் ஒரு குளியலறைக்காக 1 ஹெச்பி பம்ப் போட்டார்கள். தண்ணீர் அருவியாகக் கொட்டியது, ஆனால் வெதுவெதுப்புக்கு மேல் சூடு வரவில்லை. கீசர் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 3,000 வாட் உடனடி கீசர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் தண்ணீரை 14 டிகிரி சூடாக்கும். 6 லிட்டர் ஓடினால் 7 டிகிரிதான். பம்ப் ஓட்டத்தைக் கூட்டக் கூட்டச் சூடு அதே அளவில் குறையும். இதைச் சரிசெய்ய எந்தத் திருகும் கிடையாது. தொட்டி உள்ள கீசரில் வேறு விதமாக வரும். 60 டிகிரியில் 15 லிட்டர் வெந்நீர் இருக்கிறது, பச்சைத் தண்ணீர் 25 டிகிரி, நீங்கள் 40 டிகிரியில் குளிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஷவரில் வெந்நீர் ஏறக்குறைய 7 நிமிடம் தாங்கும். 10 லிட்டராக்கினால் அதில் பாதி, மூன்றரை நிமிடம். ஆகவே ஓட்டத்தை நிமிடத்துக்கு 7, 8 லிட்டரில் நிறுத்துங்கள், அல்லது பெரிய கீசருக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். கீசர் தாங்கும் அழுத்தம் அதன் தகட்டில் எழுதியிருக்கும், 0.8 மெகாபாஸ்கல் என்றிருந்தால் 8 பார். பம்ப் தரக்கூடிய அதிகபட்ச அழுத்தத்தோடு தொட்டியின் உயரத்தையும் கூட்டுங்கள். மொட்டை மாடியில் 30 மீட்டர், அதாவது 3 பார் தரும் பம்ப், 9 மீட்டர் கீழே தரைத்தளக் கீசர் என்றால் 3.9 பார். தகட்டு எண்ணுக்கு நன்றாகக் கீழே இருந்தால் நிம்மதி. கீசரின் பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கீசருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் பழைய இணைப்புக் குழாய்களை இந்த வேலையோடேயே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அழுத்தம் கூடியதும் முதலில் பிய்த்துக்கொள்வது அவைதான்.

பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பம்ப் வைக்கும் தவறும் சகஜம். வலுத்த பக்கம் மெலிந்த பக்கத்தைத் தள்ளும். இரண்டையும் கலக்கும் மிக்சர் குழாயைத் திறந்ததும் பச்சைத் தண்ணீர் வெந்நீர்ப் பைப்புக்குள் பின்னோக்கி ஏறிவிடும். கீசருக்குப் பிரிவதற்கு முன், பொதுவான பைப்பில் பம்ப் வைத்தால் இரண்டும் சமமாக இருக்கும். சோலார் ஹீட்டர் இருந்தால் இது பொருந்தாது. கண்ணாடிக் குழாய் வைத்த சாதாரண சோலார் ஹீட்டர்கள் அழுத்தம் தாங்காதவை. அவற்றின் உள்வழியில் பம்ப் வைத்தால் காற்றுப் பைப் வழியாகத் தண்ணீர் பொங்கும், இணைப்பு ரப்பர்கள் வெளியே வரும். அங்கே வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டுக்கும் ஹீட்டருக்குப் பின்னால்தான் பம்ப் வர வேண்டும். இரண்டையும் ஒரே மோட்டார் சுழற்றும் இரட்டை பம்ப்புகள் இதற்கென்றே உண்டு. வெந்நீர்ப் பக்கம் வைக்கும் எந்த பம்ப்பிலும் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்ற எண்ணைப் பாருங்கள்.

தகட்டில் இருக்கும் எண்கள்

அதிகபட்சம் 15 மீட்டர், நிமிடத்துக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்று ஒரு பம்ப்பில் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 15 மீட்டர் வருவது தண்ணீரே ஓடாதபோது. 30 லிட்டர் வருவது எந்தத் தடையும் இல்லாதபோது. உங்கள் ஷவர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கையேட்டில் ஒரு வளைகோடு இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது 0.2 பார் இருக்கிறது, ஷவரில் 1 பார் வேண்டும், பைப்பில் கொஞ்சம் இழப்பு என்றால், நிமிடத்துக்கு 8 லிட்டரில் 10 மீட்டர் தரும் பம்ப் போதும். இரண்டு குளியலறைகளும் அடுக்களையும் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் 8, 8, 6 என்று கூட்டி 22 லிட்டரில் பாருங்கள். ஹெச்பியை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். நீர் இறைக்கும் மோட்டாருக்கு 1 ஹெச்பி சரி. ஒற்றை ஷவருக்கு அது பைப் அதிரவும் குழாயை மூடும்போது டமார் என்று அடிக்கவும்தான் வழி.

பொருத்தும்போது நான் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் சில. பம்ப் தொட்டிக்கு அருகில் இருக்க வேண்டும். தள்ளுவது அதன் வேலை, தூரத்திலிருந்து உறிஞ்சுவது அல்ல. உறிஞ்சும் பக்கத்து பைப் பம்ப்பின் வாயைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது. இரு பக்கமும் வால்வும், கழற்றி மாட்டக்கூடிய யூனியன் இணைப்பும் வைத்தால் பழுது பார்க்கத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை. தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வுடன், பம்ப்பைச் சுற்றிப் போகும் ஒரு பக்கவழி பைப் வைத்துவிட்டால் மின்சாரம் இல்லாத நேரத்திலும் பழைய வேகத்தில் தண்ணீர் வரும். இதை வேண்டாம் என்று சொல்லும் பிளம்பர்கள் உண்டு. அரை மணி நேர வேலைதான், கேட்டு வாங்குங்கள். மழை படாத மூடி, எர்த், 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். ஈர உடம்போடு நிற்கும் இடத்துக்குத் தண்ணீர் தரும் மின்கருவி இது.

எல்லாம் முடிந்த அன்று இரவு வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பம்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் காது கொடுத்து இருங்கள். யாரும் தண்ணீர் திறக்காமலே அது ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் ஃப்ளஷ் டேங்க்கின் மிதவை வால்வைப் பாருங்கள்.